கார்டிலேயே எழுது

அம்பத்தூர்
2-9-73, ஞாயிறு

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வசந்தா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. நீங்களும் அண்ணியும் குட்டி சாமுவும் எப்படி இருக்கிறீர்கள்? ஏரிக்குத் தண்ணீர் வந்ததா?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை எங்கள் கம்பெனியில் விபத்து. பிரஸ் மெஷினில் தகடு வைக்கிற வேம்புலி என்பவரின் வலது கை மாட்டிக்கொண்டது. என் பாக்கிங் மேஜையிலிருந்து பத்தடி தூரம்தான். பார்த்ததை எழுத மாட்டேன், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே கடிதம் படிக்கிறவர். அவருடைய அம்மா குப்பம்மா எங்கள் கம்பெனியில்தான் பெருக்குகிறார். அந்த அம்மாள் மயங்கி விழுந்துவிட்டார். அவரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள நானும் கம்பெனி வேனில் ஏறிக்கொண்டேன். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் வெளியே வந்து ரத்தம் வேண்டும், சொந்தக்காரர்கள் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். அதற்குள் வேம்புலியின் மாமா ஒருவரும் சித்தப்பா மகன்கள் இருவரும் வந்திருந்தார்கள். மாமா டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். மற்ற இருவரும் அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று போனார்கள். அவ்வளவுதான், மூன்று பேரையும் அப்புறம் நான் பார்க்கவில்லை.

குப்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் ரத்தத்த எடுத்துக்கோன்னா கெயவி ரத்தம் வாணாங்கறாங்கம்மா. நான் இன்னா பண்ணுவேன், எங்க போவேன்?" என்றார்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. பெண்ணிடம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நானே எழுந்து போய், "என்னுடையது சேருமா பாருங்கள்" என்றேன். எடை பார்த்தார்கள். நாற்பத்தாறு கிலோ, ஒரு கிலோவில் தப்பித்தேன். பி பாசிட்டிவ், சேர்ந்தது. கட்டிலில் படுக்க வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். முடிந்ததும் ஒரு காபியும் இரண்டு பிஸ்கெட்டும் கொடுத்தார்கள். வேம்புலி பிழைத்துக்கொண்டார். இரண்டு விரல் மட்டும் போய்விட்டது.

அண்ணா, உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒருவர் கை நசுங்கிக் கிடக்கும்போது இப்படி இருக்கலாமா என்று கூச்சமாகவும் இருந்தது. ஆனாலும் இருந்தது. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்த ஒரு அம்மாள் எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டார்.

சாமு பிறந்தபோது எழும்பூர் ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு நீங்கள்தானே ரத்தம் கொடுத்தீர்கள்? ஊரெல்லாம் இன்றைக்கும் அதைச் சொல்கிறது. உங்களுக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்ததா? நீங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எழுதுங்கள்.

மூன்று மாதம் கழித்து, விருப்பமிருந்தால் மறுபடி வரலாம் என்றார் டாக்டர். சாமுவின் கன்னத்தில் ஒன்று வையுங்கள், முத்தம்தான்.

உங்கள் தங்கை,
வசந்தா


குத்தம்பாக்கம்
9-9-73

தங்கை வசந்தாவுக்கு அண்ணன் மணவாளன் எழுதுவது.

இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. உனக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். நீயாக இழுத்து விட்டுக்கொண்டதற்கு நான் வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யாரைக் கேட்டுக் கொடுத்தாய்? அம்மா போன பிறகு உன்னை வளர்த்து, எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்து, ஊரே வேண்டாம் என்றபோது வேலைக்கும் அனுப்பியவன் நான். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டாயா? நாளைக்குப் பிள்ளை பெற வேண்டிய உடம்பு அது. அதிலிருந்து எடுத்து ஊர் பேர் தெரியாதவனுக்கு ஊற்றிவிட்டு, சிரித்துக்கொண்டு ரயிலில் வந்தேன் என்று எழுதுகிறாய்.

பேரைப் பார்த்தாலே அவன் யார் என்று தெரிகிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்கள் நம் வயலில் நாற்று நடுகிறவர்கள். அவர்கள் உடம்பில் நம் வீட்டு ரத்தம் ஓடுகிறது என்று வெளியே தெரிந்தால் நான் எந்த முகத்தோடு பஞ்சாயத்தில் உட்காருவேன்?

மாங்காட்டுச் சம்பந்தம் கூடி வருகிறது. பையன் பேர் சம்பத். ஆவடி ஃபாக்டரியில் நிரந்தர வேலை, வீட்டில் மல்லிகைத் தோட்டம். அவர்கள் காதுக்கு இது போகக் கூடாது. இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதே. எனக்கு அந்த வாடையே ஆகாது.

முருங்கைக்கீரை நிறையச் சாப்பிடு. அண்ணி பேரீச்சம்பழம் கொடுத்தனுப்புகிறாள்.

மணவாளன்


அம்பத்தூர்
16-9-73

அன்புள்ள அண்ணனுக்கு,

பேரீச்சம்பழம் வந்தது. கீரையும் சாப்பிடுகிறேன். உடம்பு ஜம்மென்று இருக்கிறது. நீங்கள் கோபத்தில் இருக்கும்போது சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவீர்கள், அப்படிச் செய்யாமல் இருங்கள்.

கேட்காமல் செய்தது தப்பு என்றால் தப்புதான். ஆனால் கேட்க நேரம் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், ஏனென்றால் நீங்கள் கூடாது என்பீர்கள்.

நம் வயலில் நாற்று நடுகிறவர்கள் என்று எழுதினீர்கள். அவர்கள் நட்ட நாற்றில் விளைந்த சோற்றைத் தின்றுதானே அண்ணா நமக்கு ரத்தம் ஊறியது? எனக்கு இருபத்துமூன்று வயது. இத்தனை வருஷம் வாங்கித் தின்றதில் ஒரு பாட்டில் திரும்பிப் போயிருக்கிறது. அதற்குப் பஞ்சாயத்தில் முகம் எதற்கு வாட வேண்டும்?

நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லையே நீங்கள். எழும்பூரில் அன்றைக்கு உங்களுக்கு எப்படி இருந்தது?

அண்ணிக்கும் சாமுவுக்கும் என் பிரியம்.

வசந்தா


குத்தம்பாக்கம்
14-12-73

வசந்தாவுக்கு,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. நீயும் இரண்டு கார்டில் மழை பெய்தது, சுகம் என்று எழுதி நிறுத்திக்கொண்டாய். புத்தி வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். உடம்பு எப்படி என்று கேட்க மாட்டேன். எப்படி இருக்கும் என்று ஊரே எனக்குச் சொல்கிறது.

போன சனிக்கிழமை நம் ஊர்த் துலுக்கானம் தன் மாமனாரைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். அங்கே வாசல் பெஞ்சில், ரத்தம் விற்றுச் சாராயம் குடிக்கிறவர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் நீ. நேராக ஊருக்கு வந்து டீக்கடையில் நின்று சொன்னானாம்: "மணவாளன் தங்கச்சி ரத்தம் விக்குதுப்பா. நான் என் கண்ணால பாத்தேன், அந்த ஆளுங்களோட குந்திகினு கீது. அண்ணங்காரன் சோறு போடலியா இன்னா?"

ஊருக்கு நெல் அளக்கிற வீடு இது. என் தங்கை வயிற்றுக்கில்லாமல் ரத்தம் விற்கிறாள் என்று பேச்சு. நான் தெருவில் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள்.

மாங்காட்டுக்கும் போய்விட்டது. சம்பத்தின் அம்மா ஆள் அனுப்பினாள். நீ வேலையை விட வேண்டும். மாங்காட்டு அம்மன் சன்னதியில் கற்பூரம் ஏற்றி, இனி இந்தக் காரியம் செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அப்படியானால் மாசியில் கல்யாணம். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

நீ திரும்பத் திரும்பக் கேட்டாயே, அதற்குப் பதில்: பெண்டாட்டிக்குக் கொடுப்பது வேறு, கண்டவனுக்குக் கொடுப்பது வேறு. இனி அதைக் கேட்காதே.

தை முதல் தேதி வந்து உன்னை அழைத்துப் போகிறேன். பெட்டியைக் கட்டி வை.

மணவாளன்


அம்பத்தூர்
18-12-73
(தபால் கார்டு)

அன்புள்ள அண்ணனுக்கு வசந்தா. சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைத் தெரிவிக்கவும்.

இதை வேண்டுமென்றேதான் கார்டில் எழுதுகிறேன். தபால்கார லோகநாதன் அண்ணனுக்கு வணக்கம். கார்டு வந்தால் நீங்கள் வாசிப்பீர்கள் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இதை டீக்கடையில் சத்தமாக வாசியுங்கள்.

குத்தம்பாக்கம் மணவாளன் தங்கை வசந்தா ரத்தம் விற்கவில்லை. கொடுத்தாள். ஆகஸ்டில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை. இரண்டாவது தடவை கொடுத்தது யாருக்கு என்று அவளுக்கே தெரியாது. அவள் அண்ணன் அவளுக்குச் சோறு போடுகிறார், அவளும் உழைத்துச் சாப்பிடுகிறாள். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். துலுக்கானம் மாமா பார்த்தும் பார்க்காதது போலப் போனார். அவருடைய மாமனாருக்கு உடம்பு தேவலையா?

சத்தியம் செய்ய மாட்டேன். வேலையை விட மாட்டேன். பெட்டி கட்டவில்லை.

வசந்தா


குத்தம்பாக்கம்
27-12-73

வசந்தா கண்ணுக்கு அண்ணி பூங்காவனம் எழுதுவது.

சாமு நன்றாக இருக்கிறாள், உன்னைக் கேட்கிறாள். நான் இருக்கிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கிணற்று மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். முனியம்மா பூந்தமல்லிக்குப் போகிறாள், அவள் கையில் கொடுத்து அங்கே தபால் பெட்டியில் போடச் சொல்வேன்.

உன் கார்டை ஊரே படித்தது. லோகநாதன் நீ சொன்னபடியே சத்தமாகப் படித்தானாம். துலுக்கானம் மூன்று நாள் டீக்கடைப் பக்கம் வரவில்லை. உன் அண்ணன் கார்டைக் கிழித்து அடுப்பில் போட்டார். பிறகு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எதற்கு அவருக்கு இவ்வளவு ஆத்திரம் என்று உனக்குத் தெரிய வேண்டும். வேறு யாருக்கும் தெரியாது. எனக்கும் அவருக்கும்தான்.

எழும்பூரில் உன் அண்ணன் ரத்தம் கொடுக்கவில்லை.

அன்றைக்குக் காலையில் சாமு பிறந்துவிட்டாள், எனக்கு ரத்தம் நிற்கவில்லை. நர்ஸம்மா வெளியே போய் இவரைக் கேட்டார்கள். வருகிறேன் என்று சொன்னவர், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். சாயந்தரம்தான் வந்தார். அதற்குள் அங்கே இருந்த ஒரு பாட்டிலை எனக்கு ஏற்றிவிட்டார்கள். கண் விழித்து, யாருடையது என்று கேட்டேன். "யாரோ வந்து குடுத்துட்டுப் போனதும்மா, பேர்லாம் தெரியாது" என்றார்கள். ஊருக்கு வந்தபோது எல்லோரும் "உன் வீட்டுக்காரர் ரத்தம் கொடுத்துக் காப்பாற்றினாராமே" என்றார்கள். யார் அப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. அவர் இல்லை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பயந்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. அவர் கோழி அறுக்கும்போதுகூடக் கொல்லைக்குப் போய்விடுவார், உனக்குத் தெரியுமே. ஆனால் உன்னை நம் வீட்டு ரத்தம், நம் வீட்டு ரத்தம் என்று அவர் திட்டும்போது என் உடம்பு எரிகிறது. என் உடம்பில் ஓடுவது யார் வீட்டு ரத்தம்? சாமுவுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அந்த ஆளை நினைத்துக்கொள்கிறேன். ஆணோ பெண்ணோ, என்ன சாதியோ தெரியாது. உன்னைப் போல ஒரு பெண்ணாகவும் இருக்கலாம்.

இதை அவரிடம் சொல்லிவிடாதே. சொன்னால் உடைந்து போவார். ஆனால் ஒன்று, நீ நிறுத்தாதே. யார் வந்து அழைத்தாலும், எந்த அம்மன் முன்னால் நிறுத்தினாலும், நிறுத்தாதே.

சாமு கூப்பிடுகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


அம்பத்தூர்
5-1-74

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று எப்போதும் எழுதுவதை இன்று மனசார எழுதுகிறேன். அறுவடைக்கு ஆள் கிடைத்தார்களா?

அண்ணி கொடுத்தனுப்பிய நாரத்தங்காய் ஊறுகாய் கிடைத்தது. ஜாடியை இறுக மூடி வைத்திருக்கிறேன். யாருக்கும் எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.

தை முதல் தேதி நீங்கள் வந்தால் பொங்கல் வைத்துச் சாப்பாடு போடுகிறேன். உங்களோடு வர மாட்டேன். வீட்டுக்காரப் பொன்னியம்மாவிடமும் என்னோடு தங்கியிருக்கும் புஷ்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், இழுத்துக்கொண்டெல்லாம் போக முடியாது.

மாங்காட்டுக்காரர்களுக்கு நீங்கள் சரி என்று சொன்னதை நீங்களே போய் இல்லை என்று சொல்ல வேண்டும். அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி நல்ல காரியம் செய்கிறேன் என்று சத்தியம் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. அம்மனே சிரிப்பாள்.

நான் மறுபடி போவது மார்ச் பதினாறு, சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு. ஒளித்துச் செய்யவில்லை, அதனால் தேதியை எழுதுகிறேன். நீங்களும் வாருங்கள் அண்ணா. கொடுக்க வேண்டாம். சும்மா பக்கத்தில் உட்காருங்கள். முதல் தடவை எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

வசந்தா


குத்தம்பாக்கம்
17-1-74

வசந்தாவுக்கு.

மாங்காட்டுச் சம்பந்தம் முறிந்தது. இனி எனக்கு எழுதாதே.

மணவாளன்


அம்பத்தூர்
10-2-74

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். நீங்கள் படிக்காவிட்டாலும் அண்ணி படிப்பார். உங்கள் கடிதத்தில் சுகமா என்று ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கு நினைவு தெரிந்து நீங்கள் அப்படி எழுதியதே இல்லை. அன்றைக்கு அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

பொங்கலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று வாசலிலேயே நின்றேன். நீங்கள் வரவில்லை. வருஷா வருஷம் நீங்கள் எடுத்துத் தரும் புடவையும் வரவில்லை. காணும் பொங்கல் அன்று குப்பம்மாவும் வேம்புலியும் வந்தார்கள். வேம்புலி இப்போது ஸ்டோரில் வேலை பார்க்கிறார், மூன்று விரலால் எழுதப் பழகிவிட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, ஒரு மாம்பழக் கலர்ப் புடவை.

"வாங்கிக்கம்மா," என்றார் குப்பம்மா. "எம்புள்ள உன் ரத்தத்துல பொயச்சவன், அவன் உனுக்குத் தம்பி. தம்பி சீர் குட்தா வாணாம்னு சொல்லக் கூடாது." வேம்புலிக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். ஆனாலும் "வாங்கிக்க அக்கா" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எனக்கு எதற்கு இந்தப் பிடிவாதம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். பதினெட்டு வயதிலிருந்து என்னிடமிருந்து எல்லாமே போயிருக்கிறது அண்ணா. சம்பளம் வீட்டுக்கு, உழைப்பு கம்பெனிக்கு, ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர் கல்யாணங்களுக்கு. எல்லாம் நியாயம்தான், நான் முணுமுணுத்ததில்லை. ஆனால் அவையெல்லாம் கேட்டு வாங்கியவை, கேட்காமலே எடுத்துக்கொண்டவை. அதில் ஒன்றுகூட எனக்குச் சந்தோஷம் தந்ததில்லை, தர வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. இது ஒன்றுதான் யாரும் கேட்காமல் நானாகக் கொடுத்தது. கொடுத்தபோதுதான் இது என்னுடையது என்றே எனக்குத் தெரிந்தது. ஊரில் என்னைப் பைத்தியம் என்றாலும் சரி, கல்யாணமே ஆகாது என்றாலும் சரி, இந்தச் சந்தோஷத்தை யாருக்காகவும் விட மாட்டேன். கற்பூரத்தின் மேல் சத்தியமாக விட மாட்டேன், இப்போது சத்தியம் செய்தாயிற்று.

மார்ச் பதினாறு. மறக்காதீர்கள்.

உங்கள் உடம்பு சுகமா? நீங்கள் கேட்காவிட்டாலும் நான் கேட்பேன்.

வசந்தா


குத்தம்பாக்கம்
21-3-74

அன்புள்ள தங்கை வசந்தாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? போன கடிதத்தில் கேட்காமல் விட்டதையும் சேர்த்து இரண்டு தரம் கேட்டதாக வைத்துக்கொள். நான் சுகம். இடது கையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அது பற்றித்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நான் வந்திருந்தேன். நீ அந்த மாம்பழக் கலர்ப் புடவையில் வந்ததைப் பார்த்தேன். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாய், என்னைத்தான் தேடினாய் என்று தெரியும். நான் எதிர்ப்புறம் டீக்கடையில் நின்றிருந்தேன். மூன்று டீ குடித்தேன். நீ உள்ளே போனாய், வெளியே வந்தாய், பஸ் ஏறிப் போனாய். எனக்குக் கால் எழவில்லை.

எனக்கு டீக்கடை புதிதில்லை. உனக்கு அது தெரியும்.

நாரத்தங்காய் ஊறுகாய் என்று எழுதியிருந்தாயே. நம் நாரத்தை மரம் பட்டுப்போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் ஊறுகாய் ஏது? அண்ணி உனக்கு எல்லாம் எழுதிவிட்டாள் என்று படித்த உடனே புரிந்துவிட்டது. அதனால்தான் இனி எழுதாதே என்று எழுதினேன். அடுத்த கடிதத்தில் அதை எடுத்து என் முகத்தில் வீசுவாய் என்று பயந்தேன். பிப்ரவரியில் நீ எழுதினாய். அவ்வளவு கோபமாக எழுதினாய், அதை மட்டும் எழுதவில்லை. கடிதத்தை நாலு தரம் படித்தேன். எங்கேயாவது ஓரத்தில் இருக்கும் என்று தேடினேன். இல்லை. அவள் உனக்கு எழுதியதைப் பற்றி நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லாதே.

அன்று எழும்பூரில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன், வசந்தா. உள்ளே பூங்காவனம் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். ஊசியை நினைத்தால் காது அடைத்தது. சாயந்தரம் போனபோது பிழைத்திருந்தாள். யாரோ கொடுத்தது என்றார்கள். வெளியே அழுதுகொண்டு நின்றேன். அப்போது பார்க்க வந்த ஊர்க்காரர் ஒருவர், "நீதான் கொடுத்தியாப்பா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டல்தான். அதற்கப்புறம் இரண்டரை வருஷம் ஊர் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. சொல்லிச் சொல்லி எனக்கே கையில் ஊசி குத்திய இடம் வலிப்பது போல இருக்கும். யாரென்று தெரியாத ஒருவர் என் பெண்டாட்டியையும் என் பிள்ளைக்குத் தாயையும் கொடுத்துவிட்டுப் போனார், அந்தப் புண்ணியத்தை நான் போட்டுக்கொண்டு திரிந்தேன். நீ சிரித்துக்கொண்டு ரயிலில் வந்தேன் என்று எழுதியபோது எனக்குப் பற்றி எரிந்தது அதனால்தான்.

திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் எழும்பூருக்குப் போனேன். அதே வாசல், அதே டீக்கடை. டீ குடிக்கவில்லை. உள்ளே போய், ரத்தம் கொடுக்க வந்தேன் என்றேன். "யாருக்குப்பா?" என்று கேட்டார்கள். "யாருக்கு வேண்டுமோ அவங்களுக்கு" என்றேன். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தேன். எழுப்பி, வீட்டுக்குப் போய்விடுங்கள் என்றார்கள். மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு உன் ரப்பர் பந்தை நினைத்துக்கொண்டேன். முடிந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னபோது நம்பவே இல்லை. இவ்வளவுதானா, இதற்குத்தானா என்று அந்தக் கட்டிலிலேயே அழுதேன்.

காபி குடித்தேன். இரண்டு பிஸ்கெட்டில் ஒன்றைத் தின்றேன். ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டு வந்து அண்ணியிடம் கொடுத்தேன். அவள் பிஸ்கெட்டைப் பார்த்தாள், என் கைப் பிளாஸ்திரியைப் பார்த்தாள். பாதியைச் சாமுவுக்கு ஊட்டிவிட்டுப் பாதியை அவள் தின்றாள்.

நீ எழுதிய சந்தோஷம் இதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

இன்னொரு விஷயம். சம்பத் நேற்றுச் சைக்கிளில் வந்தான், அவன் அம்மாவுக்குத் தெரியாமல். "உங்க தங்கச்சி கார்டு எங்க ஊர் வரைக்கும் பேச்சாயிட்ச்சி அண்ணாத்தே. எனக்கு அவங்களப் பிடிச்சிப்போச்சி. சத்தியமும் வாணாம், வேலையும் வுட வாணாம். கல்யாணத்துக்கப்புறம் ரத்தம் குடுக்கறத மட்டும் நிறுத்திக்கினா போதும்" என்றான். போன வருஷமாயிருந்தால் நானே சரி என்றிருப்பேன். என் தங்கையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

என்னைப் பற்றி உனக்குத் தெரிந்ததையும், இப்போது நான் எழுதியதையும், எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள். பதிலைக் கார்டிலேயே எழுது. லோகநாதன் படிக்கட்டும்.

உன் அண்ணன்,
மணவாளன்


அம்பத்தூர்
25-3-74
(தபால் கார்டு)

அன்புள்ள அண்ணனுக்கு வசந்தா. நான் நலம், ரொம்ப நலம். நீங்கள் கீரை சாப்பிடுங்கள்.

லோகநாதன் அண்ணனுக்கு வணக்கம். இதையும் சத்தமாக வாசியுங்கள். குத்தம்பாக்கம் மணவாளன் இந்த மாதம் பதினெட்டாம் தேதி எழும்பூரில் ரத்தம் கொடுத்தார். யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் என் அண்ணன்.

சம்பத்துக்குச் சொல்லுங்கள்: நிறுத்த மாட்டேன். அடுத்தது ஜூன் பதினைந்து, சனிக்கிழமை, இரண்டு மணி. நீங்களும் நானும் அங்கே இருப்போம். அவருடைய ரத்தம் எந்த குரூப் என்று கேட்டு எழுதவும்.

வசந்தா